சட்டம் போட்டு என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு

"சட்டம் போட்டு எதுவும் மாறாது, மக்கள் மனம்தான் மாற வேண்டும்." பெங்களூருவில் குழந்தைகளைப் பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள். கல்லூரிக் கருத்தரங்கில் சொல்கிறார்கள். சட்டத்தை அமல்படுத்தச் சம்பளம் வாங்கும் அலுவலர்களே சொல்கிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் குழந்தைகள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். இந்தக் கருத்தை மறுத்தே ஆகவேண்டியிருப்பதும் அதனால்தான். அக்கறை உள்ளவர்களையே இது கைகட்டி உட்கார வைத்துவிடுகிறது.

அவர்கள் தரப்பு இது. குழந்தைத் திருமணமும் குழந்தைத் தொழிலும் வறுமையிலும் வழக்கத்திலும் வேர்விட்டவை. 1929இலேயே சாரதா சட்டம் வந்தது. 2006இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. கர்நாடகம் ஒரு படி மேலே போய், குழந்தைத் திருமணம் எதுவானாலும் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சட்டத்தைத் திருத்தியது. ஆனாலும் தேசியக் குடும்ப நல ஆய்வில், 20 முதல் 24 வயது வரையுள்ள கர்நாடகப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் 2015-16இல் 21.4 சதவீதம், 2019-21இல் 21.3 சதவீதம். ஐந்தில் ஒருத்தி. சட்டம் கடுமையானால் மக்கள் மறைவாகச் செய்வார்கள், போலீஸ் வரும், ஏழைக் குடும்பம் அலைக்கழியும், அவ்வளவுதான். ஆகவே பள்ளி, வருமானம், விழிப்புணர்வு ஆகியவற்றில் கவனம் வைப்போம்; மற்றது தானாக நடக்கும். துறைகளின் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் வெறும் டீ, பிஸ்கட்டோடு முடிபவை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. அந்த 21.3 எதை அளந்தது?

கர்நாடகத்தில் அந்த ஆய்வுக்கான கணக்கெடுப்பு 2019இன் பிற்பாதியில் நடந்தது. அப்போது 20 முதல் 24 வயதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1994க்கும் 1999க்கும் இடையில் பிறந்தவர்கள். 2012 முதல் 2017 வரையிலான ஆண்டுகளில் 18ஐ எட்டியவர்கள். கர்நாடகத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2017இல். அதாவது, கடைசி விளிம்பில் நின்ற ஒரு சிலரைத் தவிர, அந்தக் கணக்கில் வந்த பெண்கள் யாருக்கும் இந்தச் சட்டத்தின் நிழல்கூட விழவில்லை. பிறக்காத சட்டம் தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இதே பிழை பாக்யலட்சுமி திட்டத்திலும் நடக்கிறது. 2006 மார்ச் 31க்குப் பிறகு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளுக்காகக் கர்நாடக அரசு பணம் ஒதுக்கியது. 18 வயதுக்கு முன் திருமணம் ஆகக்கூடாது, குறைந்தது எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அந்தத் திட்டத்தின் முதல் குழந்தைகளுக்கு 18 வயது ஆனதே 2024இல்தான். அதற்கு ஐந்தாண்டு முன்பு எடுத்த கணக்கை வைத்து அதை எப்படி எடைபோட முடியும்?

சரி, 2006 சட்டம் அந்தப் பெண்களின் காலத்தில் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அந்தச் சட்டம் சொன்னது என்ன? பொதுவாகக் குழந்தைத் திருமணம் செல்லும். வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணே மாவட்ட நீதிமன்றம் போய் ரத்து செய்துகொள்ளலாம், அதுவும் 18 வயதாகி இரண்டு ஆண்டுக்குள். பதினைந்து வயதில் தாலி கட்டப்பட்டவள், பெற்றோரையும் கணவனையும் எதிர்த்து வக்கீல் வைத்து வழக்காட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. இந்தச் சுமையைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கியதுதான் கர்நாடகத் திருத்தம். 2017 அக்டோபரில் 'இண்டிபெண்டன்ட் தாட்' வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தத்தைப் பாராட்டி, மற்ற மாநிலங்களும் பின்பற்றினால் நல்லது என்றது. பலவீனமாக எழுதிய சட்டம் பலன் தரவில்லை என்பதிலிருந்து சட்டமே பலன் தராது என்ற முடிவுக்கு எப்படித் தாவுவது?

2. மனம் முதலில், சட்டம் பிறகு என்று எந்த ஊரில் நடந்தது?

இந்த வாதம் புதியதும் அல்ல. 1891இல் திருமண உறவுக்கான சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் மசோதா வந்தபோது, அந்நிய அரசு நம் வழக்கத்தில் கைவைக்கக் கூடாது, சமூகம் உள்ளிருந்து திருந்தட்டும் என்று திலகர் எதிர்த்தார். கல்கத்தாவில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி கணவனின் உடலுறவால் இறந்துபோன பிறகு எழுந்த விவாதம் அது. சமூகம் உள்ளிருந்து திருந்த எத்தனை பேர் சாகக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தரப்பில் பதில் இல்லை. மைசூர் சமஸ்தானம் காத்திருக்கவில்லை. 1894இல் எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் திருமணத்தையும், 14 வயதுக்குட்பட்ட சிறுமியை ஐம்பது தாண்டிய ஆண் மணப்பதையும் தடுத்து ஒழுங்குமுறை கொண்டுவந்தது. இன்று அந்த எட்டு வயதைப் படிக்கும்போது நமக்குக் கூசுகிறது. அந்தக் கூச்சம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. அடுத்தடுத்து வந்த சட்டங்கள் வயதை உயர்த்த உயர்த்த, எது இயல்பு என்ற எண்ணமும் கூடவே நகர்ந்தது.

சத்துணவைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2002இல் கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் 'அட்சர தாசோஹா' தொடங்கி, அடுத்த ஆண்டில் மாநிலமெங்கும் பரவியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட ஊர்ப் பெரியவர்களின் மனம் அப்போது தயாராக இருந்ததா? இல்லவே இல்லை. தட்டு முதலில் வந்தது. 2021 டிசம்பரில் அதே வடகிழக்குப் பகுதியான கல்யாண கர்நாடக மாவட்டங்களில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் மனம் மாறும்வரை காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் படிப்பையே முடித்துப் போயிருப்பார்கள். அரசாணை நிலைத்தது, முட்டையும் நிலைத்தது.

3. 'மறைவாகச் செய்வார்கள்.'

செய்யட்டும். மறைவாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதே சட்டம் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. கல்யாணம் ஊரறிய நடப்பது. பந்தல் வேண்டும், மண்டபம் வேண்டும், புரோகிதர், சமையல்காரர், பத்திரிகை அச்சடிப்பவர், போட்டோக்காரர் எல்லாரும் வேண்டும். குழந்தைத் திருமணத்தை நடத்தி வைப்பவர், உடந்தையாக இருப்பவர் எவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்றான பிறகு, மண்டபக்காரர் வயதுச் சான்று கேட்கிறார். இருட்டில் நடக்கும் கல்யாணத்தில் ஊர் மரியாதை கிடைக்காது. ஊர் மரியாதைக்காகச் செய்யும் ஒரு காரியத்திலிருந்து அந்த மரியாதையைப் பிடுங்குவது சின்ன விஷயமா?

4. 'வறுமை ஒழியட்டும், அதுவரை பிள்ளைகள் வேலை செய்வதைத் தவிர்க்க முடியாது.'

பெங்களூருவிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் ராமநகரம், பக்கத்தில் மாகடி. பட்டு நூற்கும் ஊர்கள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இங்கேயும் காஞ்சிபுரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. நூற்புக் கூடத்தில் கொதிநீரில் பட்டுக்கூடுகள் மிதக்கும். நூலின் நுனி இளகிவிட்டதா என்று கையைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கரண்டியால் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல்கள் குழந்தைகளுடையவை. தோல் வெந்து கொப்புளித்து, செத்த புழுவின் தண்ணீரிலேயே ஊறும்.

அந்தப் பிள்ளை அங்கே வந்தது எப்படி? பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வைத்தியச் செலவுக்கோ, அக்கா கல்யாணத்துக்கோ சில ஆயிரம். அதைக் கழிக்கப் பிள்ளை வேலை செய்கிறது. கூலி குறைவு என்பதால் கடன் கழிவதில்லை. இங்கே வறுமைதான் பிள்ளையை வேலைக்கு அனுப்பியது என்பது பாதி உண்மை. பிள்ளையின் மலிவான கூலி பெரியவர்களின் கூலியையும் கீழே இழுக்கிறது என்பது மீதி.

சட்டம் வறுமையைத் தொடாது என்பவர்கள் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நினைவில் கொள்வதே இல்லை. அது அந்தக் கடனையே அழிக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ விடுதலைச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் குடும்பம் ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை, மறுவாழ்வு உதவியும் உண்டு. ஆனால் தொழிலாளர் துறை ஆய்வாளர் மட்டும் தனியாகப் போய்க் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ்ப் பிள்ளையை மீட்டால், முன்பணம் அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் அதே பிள்ளையோ அதன் தம்பியோ அதே கூடத்துக்குப் போக வேண்டியிருக்கும். வருவாய்த் துறை கூட வந்ததா இல்லையா என்பதுதான் இந்த இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வித்தியாசம். இதைத்தான் டீ, பிஸ்கட் கூட்டம் என்று தள்ளிவிடுகிறார்கள்.

5. ஒருங்கிணைப்பு இல்லாத இடத்தில் பிள்ளை கண்ணில் படுவதே இல்லை.

வர்த்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் எழும் கட்டடங்களின் பின்னால் தகரக் கொட்டகைகளும் நீலத் தார்ப்பாய்களும் வரிசையாக இருக்கும். ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகியிலிருந்து வந்த குடும்பங்கள், வடக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், கிருஷ்ணகிரி, தருமபுரித் தமிழர்களும் உண்டு. பகலில் அங்கே போனால் பத்துப் பதினோரு வயதுப் பெண் பிள்ளைகள் இடுப்பில் தம்பியையோ தங்கையையோ சுமந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அம்மா மேலே ஜல்லி சுமக்கிறாள். இவள் சம்பளம் வாங்கவில்லை, ஆகவே குழந்தைத் தொழிலாளர் இல்லை. ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆகவே பள்ளியை விட்டவளும் இல்லை. கொட்டகைக்குக் கதவு எண் இல்லை, ஆகவே வீடு வீடாகப் போகும் கணக்கில் அவள் வருவதில்லை. ஒப்பந்ததாரரின் ஏட்டில் கூலி வாங்குபவர் பெயர்தான் இருக்கும்.

அவளுக்காகச் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. வேலையைத் துணை ஒப்பந்தங்களாகப் பிரித்துவிட்டால் எந்தப் பட்டியலிலும் ஐம்பது சேராது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் தீர்வையாக வசூலாகிக் கர்நாடக நல வாரியத்தில் பல ஆயிரம் கோடி ரூபாய் சேர்ந்தது. பணம் தொழிலாளர் துறையிடம், அங்கன்வாடி மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடம், பள்ளி கல்வித் துறையிடம், கட்டட அனுமதி மாநகராட்சியிடம். தம்பியை வைத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் அக்கா பள்ளிக்குப் போவாள். அந்த ஓர் இடத்துக்கு நான்கு அலுவலகம் கையெழுத்துப் போட வேண்டும். எந்த மனமாற்றம் இதைச் சரிசெய்யும்? அந்தத் தாயின் மனத்தில் மாற வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஒரு வரி விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் இதே மாநிலம் காட்டியிருக்கிறது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து 2013இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. அப்போது விதிப்படி தொடர்ந்து 60 நாள் வராவிட்டால்தான் ஒரு பிள்ளை பள்ளியை விட்டதாகக் கணக்கு. அறுபது நாளில் ஒரு குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்ச் சேர்ந்து, பிள்ளை வேலைக்குப் பழகியே போய்விடும். வழக்கின் விளைவாக அந்த வரம்பு ஏழு நாளாகச் சுருங்கியது. எட்டாம் நாள் பள்ளியிலிருந்து ஆள் வீட்டுக்குப் போக வேண்டும். இது யாருடைய மனமாற்றத்துக்கும் காத்திருந்து வந்ததல்ல.

கிராமங்களில் 2006 முதல் ஆண்டுக்கொரு முறை 'மக்கள கிராம சபை' என்ற குழந்தைகள் கிராம சபையைக் கூட்டும் வழக்கம் கர்நாடகத்தில் இருக்கிறது. பிள்ளைகளே எழுந்து, கழிப்பறைக்குக் கதவில்லை, பஸ் வருவதில்லை, தோழிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் நேரில் சொல்ல ஓர் இடம். பெங்களூருவின் பிள்ளைகளுக்கு அது இல்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்காத நகரம் இது; முறையிட வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் போனது.

6. பதினான்கில் எல்லாச் சட்டமும் கையை விடுகிறது.

எதிர்த்தரப்பு சட்டங்கள் அதிகம் என்கிறது. உண்மையில் நடுவே நான்கு ஆண்டு வெற்றிடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 முடிந்தால் அபாயமற்ற வேலைக்குப் போகலாம். திருமணத்துக்கோ 18 ஆக வேண்டும். பாக்யலட்சுமி கேட்பதும் எட்டாம் வகுப்புதான். ஆக, எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க எந்தச் சட்டக் கடமையும் இல்லை. உயர்நிலைப் பள்ளி பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவள் வீட்டில் இருப்பாள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அதே தேசியக் குடும்ப நல ஆய்வுகளில், 18 வயதுக்கு முன் மணமானவர்களின் பங்கு தமிழ்நாட்டில் 16.3 சதவீதத்திலிருந்து 12.8 ஆகக் குறைந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989 முதல் படிப்பையும் 18 வயதையும் நிபந்தனையாக வைத்துப் பணம் கொடுத்தது. 2022இல் அதுவே அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமானது. குறைந்ததற்கு அதுமட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிச் சான்றும் வயதும் பணமும் ஒரே விண்ணப்பத்தில் சந்தித்தன என்பது கவனிக்க வேண்டியது.

7. போலீஸ் பயம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. முடிவுதான் தவறு.

பதினாறு, பதினேழு வயதில் காதலித்து வீட்டைவிட்டுப் போகும் ஜோடிகள்மேல் பெண்ணின் வீட்டார், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள். பையன் சிறையில், பெண் காப்பகத்தில். கர்ப்பமான சிறுமி, வழக்காகிவிடும் என்று அரசு மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுகிறாள். இது நிஜமான கேடு. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு சம்மத வயது வரம்பைச் சட்ட ஆணையம் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்றது. 2023இல் சட்ட ஆணையம் தன் 283ஆம் அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம், இத்தகைய வழக்குகளில் நீதிபதிக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது. அது போதுமா என்று வாதாடலாம், வாதாடவும் வேண்டும். ஆனால் அந்த வாதம் முழுவதும் சட்டத்துக்குள் நடப்பது. இன்னொரு பக்கம், போக்சோ வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் பதிவு செய்கிறது. வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருக்கும் குழந்தைக்கு, குடும்பத்தின் மனம் மாறட்டும் என்று சொல்வதன் பொருள் என்ன?

8. 'மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும், தேசியச் சட்டம் எதற்கு?'

ஓசூரில் பஸ் ஏறினால் அரை மணியில் அத்திப்பள்ளி. அவ்வளவு தூரத்தில் ஒரு பிள்ளை தமிழ்நாட்டின் எமிஸ் பதிவேட்டிலிருந்து விழுந்து, கர்நாடகத்தின் சாட்ஸ் பதிவேட்டில் ஏறாமலேயே போய்விடலாம். 6 முதல் 14 வரை எந்த வயதிலும், எந்த மாதத்திலும், டி.சி. இல்லாவிட்டாலும் பள்ளி சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்வது கல்வி உரிமைச் சட்டம், அதாவது தேசியச் சட்டம். அது இல்லையென்றால் எல்லை தாண்டிய பிள்ளைக்கு எந்தத் தலைமையாசிரியரும் கடமைப்பட்டவர் அல்லர். இரு மாநிலத்துக்கும் பொதுவான நிரந்தரக் கல்வி எண் சில ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது. உழைக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதற்கோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு முழுக் கணக்கே இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டியது 2027க்குப் போயிருக்கிறது.

1985இல் உழைக்கும் குழந்தைகளுக்காக ஒரு சட்ட வரைவை எழுதி டெல்லிக்கு அனுப்பியது பெங்களூருவின் 'கன்சர்ன்ட் ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்' அமைப்பு. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குத் தூண்டுகோல் அதுதான், வரைவு கேட்டதில் பெரும்பகுதி சட்டத்தில் வராமல் போனாலும். தேசியச் சட்டம் டெல்லியில் யாரோ எழுதி நம்மேல் சுமத்துவது என்பவர்கள் இந்த ஊரின் வரலாற்றையாவது பார்க்கலாம்.

2024 அக்டோபர் 18இல் உச்ச நீதிமன்றம் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை அமல்படுத்த விரிவான வழிகாட்டுதல்களைத் தந்தது. மாவட்டந்தோறும் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் வேண்டும், அவருக்கு வேறு வேலை எதையும் சேர்த்துக் கட்டக் கூடாது என்பது அதில் முக்கியமானது. கர்நாடகத்தில் 2011இல் குழந்தைத் திருமணத் தடுப்பு குறித்து நீதியரசர் சிவராஜ் பாட்டீல் குழு அறிக்கை தந்த பிறகு பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலர் முதல் தலைமையாசிரியர் வரை பலரையும் இந்தப் பொறுப்பில் வைத்தார்கள். வரி வசூல், தேர்தல் வேலை, மதிய உணவுக் கணக்கு எல்லாவற்றுக்கும் நடுவே இதுவும் ஒன்று. ஊரில் எல்லாரும் பொறுப்பாளி என்பதால் யாரைக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பெங்களூரு நகர மாவட்டத்திலும் ஊரக மாவட்டத்திலும் இதற்கென்றே ஓர் அலுவலர், அவர் கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லக் கடமைப்பட்ட காவல், கல்வி, தொழிலாளர், வருவாய்த் துறை ஆட்கள், எத்தனை புகார் வந்தது, எத்தனை திருமணம் நின்றது, நிறுத்திய பிறகு அந்தப் பெண் மறுபடி பள்ளிக்குப் போனாளா என்று மூன்று மாதத்துக்கொரு முறை வெளியிடும் பட்டியல்: சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் முதலில் இவற்றைக் கேட்டு வாங்கட்டும்.